சுடச் சொன்னது கேம், சுட்டது யார்?

மின்ட் மணிக்கூண்டு (இழையைத் தொடங்கியவர்)

ஒரு கேமில் நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போகிறோம். இன்னொரு கேமில் ஒரே ஒரு ஆள் விழுந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுகிறோம். இரண்டிலும் அழுத்தியது அதே பட்டன்தான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பேசத்தான் இந்த இழை. கேம் ஆடினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்ற சண்டை இங்கே வேண்டாம், அதற்கு ஏற்கெனவே நிறைய இழைகள் இருக்கின்றன.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எவ்வளவு தத்ரூபமாகத் தெறிக்கிறது என்பதற்கும் மனசு உறுத்துவதற்கும் சம்பந்தம் இல்லை. செய்யாமல் விட்டிருக்கலாம் என்ற இடத்தில் செய்துவிட்டோமா, அதுதான் உறுத்துகிறது.

ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன் எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் பெர்லினில் இருக்கும் யாகர் நிறுவனம் செய்தது. மணல் மூடிய துபாய், அங்கே தொடர்பு அறுந்துபோன அமெரிக்கப் படை, அதைத் தேடிப் போகும் கேப்டன் வாக்கராக நாம் ஆடுகிறோம். நடுவில் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு வீசும் காட்சி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். மேலிருந்து பார்க்கும் கேமரா, புள்ளி புள்ளியாக நகரும் மனிதர்கள், திரைக்கண்ணாடியில் மங்கலாகத் தெரியும் வாக்கரின் முகம். முடிந்ததும் எரிந்த உடல்களுக்கு நடுவே நம்மையே நடக்க வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளில் ஒரு கூட்டம் அடைக்கலமாக இருந்த பொதுமக்கள் என்று அப்போதுதான் தெரிகிறது.

எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் பேசுவார்கள். எனக்குப் பெரியதாகப் பட்டது பின்னால் வரும் ஒரு சின்ன இடம். வாக்கரின் கூட்டாளி லூகோவை ஊர் மக்கள் தூக்கில் போட்டுவிடுகிறார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டு கல் எறிகிறது. அந்த நேரத்தில் ‘இதற்கு இந்த பட்டன், அதற்கு அந்த பட்டன்’ என்று திரையில் ஒன்றும் எழுதிக் காட்ட மாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்துச் சுடலாம். வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் கூட்டம் கலைந்து ஓடிவிடும். வழி இருந்தது, யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். அங்கே சுட்டவர் அந்தச் சாவை கேமின் மேல் தள்ள முடியாது.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

எண்ணூர் நைட் ஷிப்ட்

நீங்கள் ஓரமாகத் தள்ளிவிட்ட அந்த வெள்ளை பாஸ்பரஸ் காட்சியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

குண்டு வீசாமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது. துப்பாக்கியால் சண்டை போட்டுப் பார்த்தேன். எத்தனை பேரை வீழ்த்தினாலும் எதிரிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மற்ற எல்லா வழியையும் அடைத்துவிட்டு, ஒரே வழியைத் திறந்து வைத்து, அதில் போனதும் ‘பார், என்ன காரியம் செய்துவிட்டாய்’ என்று கேட்பது நியாயமே இல்லை. கொன்றது கதை எழுதியவர். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நாவலில் ஒருவன் கொலை செய்தால் வாசகனைக் கொலைகாரன் என்கிறோமா?

வேலை முடிந்து விடியற்காலையில் வந்து இரண்டு மணி நேரம் ஆடுகிறேன். எனக்கு அது மூச்சு விடும் நேரம். அதில் நான் செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டுவதை ஏற்க முடியாது. செய்யாமல் இருக்க இடம் கொடு, அப்புறம் என்னைக் கேள். மணிக்கூண்டு சொல்லும் அந்தக் கூட்டக் காட்சியை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

வியாசை விங்கர்

எண்ணூர் அண்ணா, ஒரு கேம் கம்பெனியில் லெவல் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலில் பக்கத்தைப் புரட்டுவதும் கேமில் பட்டனை அழுத்துவதும் ஒன்றில்லை. நீங்கள் புரட்டினாலும் புரட்டாவிட்டாலும் நாவலில் கொலை ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கிறது. கேமில் நீங்கள் அழுத்தும் வரை அது நடக்கவில்லை.

மெட்டல் கியர் சாலிட் 3, 2004-ல் வந்தது. கடைசியில், நாம் ஆடும் நாயகனான ஸ்னேக்கை வளர்த்து ஆளாக்கிய தி பாஸ் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிறார். கதைப்படி ஸ்னேக் அவரைச் சுட்டே ஆக வேண்டும். வேறு முடிவு கிடையாது. காட்சி அதுவரை சினிமா மாதிரி தானாக ஓடுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. ஆடுபவர் சுடும் பட்டனை அழுத்தும் வரை கதை நகராது. தேர்வு எதுவும் இல்லை, ஆனால் விரல் நம்முடையது. நான் நெடுநேரம் அழுத்தாமல் இருந்தேன். தேர்வு இல்லாமல் உறுத்தல் வராது என்றால் அந்தத் தயக்கம் எனக்கு எதற்கு வந்தது?

அதே கேமில் ஒரு ஆறு வரும். ஆற்றில் இறங்கி எதிர்நீச்சலாக நடக்க வேண்டும். அதுவரை நாம் கொன்ற ஒவ்வொரு சிப்பாயும் எதிரே ஆவியாக நடந்து வருவான். எந்த இடத்தில் அடித்தோமோ அந்தக் காயத்தோடே வருவான். யாரையும் கொல்லாமல் ஒளிந்து ஒளிந்து வந்தவருக்கு ஆறு கிட்டத்தட்ட காலியாக இருக்கும். கண்ணில் பட்டவரை எல்லாம் சுட்டுக்கொண்டு வந்தவருக்கு அந்த நடை முடியவே முடியாது. இங்கே கேம் யாரையும் திட்டவில்லை. நம் கணக்கை எடுத்து நம்மிடமே காட்டுகிறது, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

கையை எப்படி அசைக்க வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஜிடிஏ 5-ல் ஒருவனைக் கட்டி வைத்துச் சித்திரவதை செய்யும் காட்சி உண்டு. பல்லைப் பிடுங்க குறடை எடுத்தால் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைச் சுழற்ற வேண்டும். தெருவில் காரை ஏற்றிப் பத்துப் பேரைக் கொன்று சிரித்தவர்கள்கூட அந்தச் சுழற்றலில் முகத்தைச் சுளிப்பார்கள். சுடுவது ஒரு தட்டல். இது வேலை. விரல் செய்யும் வேலையும் திரையில் நடக்கும் கொடுமையும் நெருங்க நெருங்க, ‘நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போகிறது.

பாரிமுனை வக்கீல்

எண்ணூர் நண்பரின் வாதம் நீதிமன்றத்தில் தினமும் கேட்கும் வாதம்தான்: எனக்கு வேறு வழி இல்லை. சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன், பொருந்துகிறதா பாருங்கள்.

இப்போது செய்யாவிட்டால் உடனே உன்னைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி ஒருவரை ஒரு குற்றம் செய்ய வைத்தால், பெரும்பாலான குற்றங்களுக்கு அவர் பொறுப்பில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 94, இப்போது நியாய சன்ஹிதாவில் பிரிவு 32. ஆனால் அதே பிரிவு கொலையை வெளியே நிறுத்துகிறது. என் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவர் உயிரை எடுத்தேன் என்று சொல்லி இந்தப் பிரிவுக்குள் தப்ப முடியாது. கேம் உங்கள் உயிரையும் மிரட்டவில்லை. மிச்சக் கதையைக் காட்ட மாட்டேன் என்று மட்டும்தான் சொல்கிறது. அணைத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் பாதி விஷயம்தான் சொன்னதாக ஆகும். எங்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை நிற்கிறது. தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். இளவரசனின் தேரில் கன்று குறுக்கே பாய்ந்து விழுந்தது. வேண்டுமென்று ஏற்றவில்லை. இன்றைக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் கொலை என்ற பேச்சே வராது. விபத்தா, கவனக்குறைவா என்றுதான் வாதாடுவோம். ஆனால் பசு மணியை அடித்தபோது அரசன் அந்த வாதத்தை எடுக்கவில்லை. உன் சக்கரத்தின் கீழேதான் அந்த உயிர் போனது, அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அவன் கொடுத்த தண்டனை சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு வக்கீலாக என்னால் சொல்லவே முடியாது. ஆனால் ‘என் மேல் தப்பில்லை’ என்பதும் ‘எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்பதும் ஒன்றில்லை என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய தத்துவ ஆசிரியர் 1976-ல் இதையே எழுதினார். கொஞ்சமும் கவனம் பிசகாமல் லாரி ஓட்டிவந்தவரின் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டு இறக்கிறது. ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று ஊரே சொல்லும், சொல்லவும் வேண்டும். ஆனால் அவரே மறு நிமிடம் ‘என் தப்பில்லை’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றும். வியாசை தம்பி தி பாஸைச் சுட முடியாமல் தயங்கியது இந்த ரகம். தேர்வு இல்லாவிட்டாலும் வரும், வரலாம்.

எண்ணூர் நைட் ஷிப்ட்

மேடம், லாரி ஓட்டுநர் உதாரணம் யோசிக்க வைத்தது. ஏற்கிறேன். ஆனால் அதில் குழந்தை இறந்தது உண்மை. அந்த ஓட்டுநரிடம் யாரும் திட்டம் போட்டுக் குழந்தையைக் குறுக்கே தள்ளிவிடவில்லை. கேமில் தள்ளிவிட்ட ஒருவர் இருக்கிறார், சம்பளம் வாங்கிக்கொண்டு தள்ளிவிட்டார். ஓட்டுநரின் வருத்தத்தை என்னிடம் எதிர்பார்ப்பவர், முதலில் அந்தத் தள்ளிய கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

‘அணைத்துவிட்டுப் போ’ என்பதையும் என்னால் தேர்வு என்று ஏற்க முடியவில்லை. சினிமாவில் பாதியில் எழுந்துபோனால் திரையில் யாரும் பிழைத்துவிடுவதில்லை.

தண்டையார்பேட்டை கேம்கடை

பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) காலத்தில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடும் கேம் கடை நடத்தினேன். டிவியை வைத்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடத்தியது. சிடி எல்லாம் பர்மா பஜாரில் இருந்து வரும். கதை புரிந்து ஆடியவர்கள் குறைவு. ஆங்கிலம் தெரியாத பசங்கள்தான் அதிகம். அதனால் நான் பார்த்தது இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன். அவர்களுக்குக் கதையோ வசனமோ உறுத்தலைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் போட்டால் கடையே கூத்தாக இருக்கும். பிளாட்பாரத்தில் காரை ஏற்றுவார்கள், கைதட்டுவார்கள். விழுந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுவார்கள். தெரு சுத்தமாகிவிடும். போலீஸ் பிடித்தாலும் கொஞ்சம் காசும் துப்பாக்கியும் போகும், அவ்வளவுதான்.

ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் 2005-ல் வந்தது, ஃபுமிட்டோ உவேதா என்ற ஜப்பானியர் இயக்கியது. இறந்துபோன ஒரு பெண்ணை எழுப்ப 16 பிரம்மாண்டமான ஜீவன்களைக் கொல்ல வேண்டும். வேறு எதிரியே கிடையாது. வெட்டவெளியில் குதிரையில் போய்த் தேட வேண்டும். பல ஜீவன்கள் தன் பாட்டுக்கு இருக்கும். நாம் போய் அம்பு விட்டால்தான் திரும்பிப் பார்க்கும். மேலே ஏறி, ரோமத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தியால் குத்தி விழவைத்தால், வெற்றிக்கான ஆரவார இசை வராது. ஒப்பாரி மாதிரி ஒரு இசை வரும். அப்புறம் கறுப்பு நூல் நூலாக ஏதோ வந்து வீரனுக்குள்ளேயே இறங்கும். ஒவ்வொன்றைக் கொல்லும்போதும் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறி, உடம்பு கெட்டுக்கொண்டே போகும்.

முதல் ஜீவன் விழும்போது பசங்கள் கத்தினார்கள். அடுத்தடுத்து விழ விழ சத்தம் குறைந்துபோனது. ஒரு பையன் என்னிடம் வந்து, ‘அண்ணே, இது நம்மள ஒண்ணும் பண்ணலியே, இதை ஏன் கொல்லணும்?’ என்று கேட்டான். யாரும் அவனுக்கு ஒரு வரி படித்துக் காட்டவில்லை. விழுந்தபின் என்ன ஆகிறது என்பதை மட்டும் கேம் ஒளிக்காமல் காட்டியது. எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தேர்வு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அடித்தபின் கேம் எவ்வளவு நேரம் நம்மை அங்கேயே நிற்க வைக்கிறது என்பதைப் பாருங்கள்.

வியாசை விங்கர்

அண்ணே, உடல்கள் மறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎஸ்2-வின் மொத்த மெயின் மெமரி 32 எம்பி. விழுந்த ஒவ்வொரு உடலையும் வைத்துக்கொண்டிருந்தால் புது ஆளையும் புது வண்டியையும் தெருவில் காட்ட இடம் இருக்காது. அதனால் துடைத்துவிடுவார்கள். இயந்திரத்தின் சிக்கனத்துக்காக வந்த ஏற்பாடு அது, ஆனால் விளைவில்லாத கொலை என்ற பழக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கு மெமரி தாராளமாக இருக்கிறது, பழக்கம் போகவில்லை. எங்கள் அலுவலகத்தில் விழுந்த உடல் எத்தனை நொடியில் மறைய வேண்டும் என்பது அட்டவணையில் ஒரு எண்.

ஒற்றியூர் டீச்சர்

எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நீங்கள் சொல்லும் கேம்கள் எதையும் அவர்கள் ஆடுவதில்லை. எல்லாம் ஃபோனில் பிஜிஎம்ஐதான்.

பப்ஜி 2020 செப்டம்பரில் தடையாகி, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ ஆக வந்தபோது பெற்றோருக்காகச் சில மாற்றங்கள் செய்தார்கள். ரத்தம் பச்சை நிறமாக வந்தது. கொன்றாய் என்று சொல்லாமல் முடித்தாய் என்று சொல்கிறது. இது நிஜ உலகம் இல்லை என்று நடுவில் ஞாபகப்படுத்துகிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான். நேரக் கட்டுப்பாடு நல்லது. ஆனால் இங்கே நீங்கள் பேசுவதைப் படித்தபின் பச்சை ரத்தம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. பிள்ளைக்கு எதுவும் உறுத்திவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உறுத்தாத வன்முறைதான் பிள்ளைக்கு நல்லது என்று எந்தப் பெரியவர் முடிவு செய்தார்?

என் கேள்வி நேரானது. ஃபோனிலேயே ஆடக்கூடிய, யோசிக்க வைக்கும் கேம் ஒன்று சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச எனக்கு அது வேண்டும்.

காசிமேடு காற்று

உளவியல் முதுகலை படிக்கிறேன். இந்த விஷயத்தில் நடந்த சில ஆய்வுகள் தெரியும், தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன்.

டிலோ ஹார்ட்மன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், காரணமில்லாத வன்முறையைச் செய்ய வைத்தால் ஆடுபவருக்குக் குற்றவுணர்வு கூடுகிறது என்று கண்டார்கள். பிறர் வலியை எளிதில் உணரும் சுபாவம் உள்ளவர்களிடம் அது தெரிந்தது. மேத்யூ கிரிசார்ட் குழு 2014-ல் வெளியிட்டது இன்னும் நேரடியானது. ஒரே ரகத் துப்பாக்கிச் சண்டை கேம், சிலர் ஐ.நா. படைவீரனாக ஆடினார்கள், சிலர் பயங்கரவாதியாக. பயங்கரவாதியாக ஆடியவர்களுக்குக் குற்றவுணர்வு அதிகம், அதோடு நியாயம், பிறருக்குத் தீங்கு ஆகியவற்றைப் பற்றிய கூர்மையும் அதிகம். ஆக, நாம் ஏன் சுடுகிறோம் என்ற காரணத்தை மனசு கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. நல்லவர் பக்கம் என்ற சீருடை ஒன்றை மாட்டிவிட்டால் அது கொஞ்சம் தூங்கிவிடுகிறது.

அதே கிரிசார்ட் பின்னால் இன்னொன்றையும் சொன்னார். ஒரே கேமைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த உறுத்தல் தேய்கிறது. டீச்சர் கவலைப்படுவதற்கு நியாயமான இடம் இது என்று நினைக்கிறேன். ரத்தத்தின் நிறத்தைவிட, பிஜிஎம்ஐ-யில் தினமும் அதே தீவில் குதித்து அதே வேலையைச் செய்வதுதான் கவலை.

இன்னொன்று. 2009-ல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-ல் விமான நிலையத்தில் பொதுமக்களைச் சுடும் பகுதி உண்டு. வேண்டாம் என்றால் அந்தப் பகுதியையே தாண்டிப் போகலாம். ஆடினாலும் ஒரு பொதுஜனத்தைக்கூடச் சுடாமல் நடக்கலாம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வந்த பதிப்பில் பொதுமக்களைச் சுட்டாலே ஆட்டம் முடிந்துவிடும். அதைப் பாதுகாப்பான பதிப்பு என்று சொல்லலாம். ஆனால் சுட முடியாத இடத்தில் சுடாமல் இருப்பதில் ஆடுபவருக்கு என்ன பங்கு இருக்கிறது? மூலப் பதிப்பில் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நடந்தவர் ஒரு முடிவு எடுத்தார். இங்கே அந்த முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

பட்டாளம் பையன்

படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

நாங்கள் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம். சினிமாவில் எங்கள் தெரு வந்தால் எதற்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஹீரோ நடந்து வருவார், பத்துப் பதினைந்து பேர் கத்தியோடு ஓடி வருவார்கள், வரிசையாக விழுவார்கள். விழுந்தவன் பேர் என்ன, வீடு எங்கே, யாரும் கேட்க மாட்டார்கள். கேமில் சுடுவதற்கென்றே நிற்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். அவர்களை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எங்கள் ஏரியா முகம்.

நிஜத்தில் எங்கள் தெருவில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்தால் கதை அங்கேதான் ஆரம்பிக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். பேர், வயசு, பிறந்த தேதி, மறைந்த தேதி, சிரிக்கிற போட்டோ, கீழே வருந்தும் நண்பர்கள் என்று முப்பது பேர். அம்மா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைவார். தெருவில் இருக்கும் பசங்களையெல்லாம் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அதில் சம்பந்தமே இல்லாதவனின் வேலையும் போகும். தங்கச்சிக்கு வந்த வரன் நின்றுபோகும். போஸ்டர் வெயிலில் வெளுத்தபின்னும் அந்த வீட்டில் அது முடியாது.

அதனால் ‘தேர்வு இருந்ததா’ என்ற கேள்வி எனக்கு இரண்டாவதுதான். முதல் கேள்வி, செத்தவன் யார் என்று கேம் சொன்னதா? தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2, 2020-ல் வந்தது. ஒருவனை வீழ்த்தினால் அவன் கூட்டாளி உடலைப் பார்த்துவிட்டுப் பேர் சொல்லிக் கத்துவான். நாயைக் கொன்றால் அதை வளர்த்தவர் அதன் பேரைச் சொல்லி அழுவார். எதிரே நிற்பவருக்கு ஒரு பேர், அந்தப் பேரைச் சொல்ல இன்னொரு ஆள், இவ்வளவுதான் செய்தார்கள். அதோடு நிற்காமல், பாதிக் கதைக்கு மேல் யாரை வெறுத்துக்கொண்டு துரத்தினோமோ அந்த ஏபி என்ற பெண்ணாகவே நம்மை ஆட வைத்தார்கள். நிறைய பேருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. சினிமாவில் விழுந்துகொண்டே இருந்த பக்கத்தில் இருந்து ஒருநாளாவது கதை சொல்ல மாட்டார்களா என்று ஏங்கி வளர்ந்தவன் நான்.

மின்ட் மணிக்கூண்டு

பட்டாளம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் பதிவையும் திரும்பப் படித்தேன். தேர்வைப் பற்றி எழுதினேன், கல்லெறிந்த அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று அந்த கேம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. லூகோவுக்குப் பேர் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவருக்கும் பேர் இல்லை. துபாயில் நடக்கும் கதையில் ஊர்க்காரர்களின் சாவு முழுக்க வாக்கரின் மனசு எப்படி உடைகிறது என்று காட்டத்தான் பயன்படுகிறது. அந்த கேமை இப்போதும் மதிக்கிறேன், ஆனால் அது கேட்கத் தவறிய கேள்வி இது.

எண்ணூர் நைட் ஷிப்ட்

பேர் சொல்லிக் கத்துவதும் எழுதி வைத்த வசனம்தான். ஒரு பட்டியலில் இருந்து ஒரு பேரை எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் தம்பி, நீங்கள் போஸ்டரைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை இந்த வாதத்தில் வைத்து வெட்டிப் பேசவும் எனக்கு மனமில்லை.

கேட்கிறேன், எல்லா வழியையும் அடைக்காமல், யாரையும் திட்டாமல், இதைச் செய்யும் கேம் ஏதாவது இருக்கிறதா?

தண்டையார்பேட்டை கேம்கடை

எண்ணூர் தம்பிக்கும் டீச்சருக்கும் ஒரே பதில்: திஸ் வார் ஆஃப் மைன். போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-ல் செய்தது. ஃபோனிலும் இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தார்கள். சிப்பாயாக ஆட மாட்டீர்கள். குண்டு விழும் ஊரில் ஒரு இடிந்த வீட்டில் மாட்டிக்கொண்ட சாதாரண ஆட்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பகலில் சமையல், அடுப்பு, மருந்து. இரவில் ஒருவரை வெளியே அனுப்பிச் சாப்பாடு தேட வேண்டும். தேடும் இடங்களில் ஒன்று ஒரு வயதான தம்பதியின் வீடு. அவர்கள் எதிர்க்க மாட்டார்கள். கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சுவார். எடுத்துக்கொண்டு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எடுத்து வந்தவர் வீட்டில் சோர்ந்துபோய் உட்காருவார். சொன்ன வேலையைச் செய்ய மாட்டார். கூட இருப்பவர்களும் பேசிக்கொள்வார்கள்.

2020-ல் போலந்து அரசு இதைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஆனால் 18 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு என்றுதான் சேர்த்தார்கள். தற்கொலை எல்லாம் வரும். அதனால் டீச்சர், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்கள் ஆடிப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக் காட்சியை மட்டும் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம்.

வியாசை விங்கர்

கம்ப்யூட்டர் வசதி இருந்தால் அந்த வயசுக்கு அண்டர்டேல் சரியாக இருக்கும் டீச்சர். டோபி ஃபாக்ஸ் என்பவர் 2015-ல் வெளியிட்டது. எதிரே வரும் ஒருவரைக்கூடக் கொல்லாமல் முழு கேமையும் முடிக்கலாம். பேசலாம், பாராட்டலாம், விட்டுவிடலாம். ஆரம்பத்தில் உங்களைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் டோரியல் என்ற அம்மா வருவார். சண்டையில் அவரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த இடத்துக்கு, திரும்பிப் போய் அவரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அடுத்து வரும் ஃப்ளவி என்ற பூ, நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடும். வேறு கேமில் சேவை லோடு செய்தால் நடந்தது நடக்காததாகிவிடும். இங்கே ஆகாது.

ஒற்றியூர் டீச்சர்

இரண்டையும் குறித்துக்கொண்டேன். பள்ளியில் கம்ப்யூட்டர் அறை இருக்கிறது, முதலில் நான் ஆடிப் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ‘யாரையும் கொல்லாமல் முடிக்க முடியுமா’ என்று பந்தயம் வைத்தாலே பாதிப் பேர் வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

எண்ணூர் நைட் ஷிப்ட்

கேம்கடை அண்ணன் சொன்னதை ஃபோனில் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் கிடைத்தவர்கள் புரூனோ, கட்யா, பாவ்லே. பாவ்லே கால்பந்து ஆடியவனாம், வேகமாக ஓடுவான். அவனை அந்தக் கிழவர் வீட்டுக்கு அனுப்பினேன். குளிர்பெட்டியில் சாப்பாடு இருந்தது. கிழவர் மனைவியின் பக்கமே நின்றுகொண்டு வேண்டாம் வேண்டாம் என்றார். எடுக்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில் புரூனோ ஏற்கெனவே நோயில் கிடந்தான், சாப்பாடும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் இறந்துவிட்டான்.

வெள்ளை பாஸ்பரஸ் காட்சிக்கு இப்போதும் நான் பொறுப்பேற்க மாட்டேன். புரூனோ விஷயத்தில் அப்படிச் சொல்ல வரவில்லை. இரண்டு வழியும் திறந்திருந்தது, நான்தான் நடந்து வெளியே வந்தேன். வக்கீல் மேடம், எடுக்காமல் விட்டதால் ஒருவர் சாவதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இப்போது பாவ்லேவுக்கும் காயம். கட்யா ஒருத்திதான் மிச்சம். இன்றிரவு யாரை அனுப்புவது என்று ஆடியவர்கள் சொல்லுங்கள்.

பாரிமுனை வக்கீல்

பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுக்குச் சட்டப்படி இருந்தால்தான் செய்யாமல் விட்டதும் குற்றம். பெற்றோர் குழந்தைக்குச் சோறு போடாமல் விடுவது அந்த ரகம். அடைக்கலமாக ஒரே வீட்டில் இருந்த மூன்று பேருக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அந்தக் கடமை உண்டா என்று கேட்டால் இரண்டு பக்கமும் வாதாடலாம். அடுத்தவர் சாப்பாட்டைத் திருடித்தான் அந்தக் கடமையைச் செய்ய வேண்டும் என்று எந்த நீதிபதியும் உத்தரவிட மாட்டார்.

தண்டையார்பேட்டை கேம்கடை

பாவ்லேவுக்குக் கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வை தம்பி, கட்யாவை அனுப்பு. ஆனால் அவள் வெளியே போனால் காவலுக்கு யாரும் இருக்க மாட்டார்கள், இரவில் கொள்ளைக்காரர்கள் புகலாம். போவதற்கு முன் சுவரில் இருக்கும் ஓட்டைகளைப் பலகை வைத்து அடைத்துவிடு. கட்யா பேரம் பேசுவதில் கெட்டி, பண்டமாற்று செய்யும் இடம் வரைபடத்தில் இருந்தால் அங்கே அனுப்பு.